அந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்கும்?

டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, திரையில் ஒரு குட்டி மனித உருவம் நடந்துகொண்டே இருந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, ஒரு ஜன்னலில் எக்செல், இன்னொரு ஜன்னலில் இந்தப் பொம்மை. பாதி தூரம் நடந்து வந்த பிறகு அந்தத் தளம் என்னை வெளியே தள்ளி, மறுபடி முதலிலிருந்து வா என்றது. நான் வாய்விட்டுத் திட்டிய வார்த்தை மீட்டிங்கில் யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நம்புகிறேன். கடைசியில் கிடைத்தது மேல் பால்கனியில், ஓரமாக இரண்டு சீட். பக்கத்தில் ஒரு எச்சரிக்கை வேறு: பார்வை கொஞ்சம் மறைக்கும், நம் பக்கமிருந்து பார்த்தால் மேடையின் இடது ஓரம் சரியாகத் தெரியாது. விலையும் அதற்கேற்றாற்போல் குறைவு. வாங்கிவிட்டேன்.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், 'தி கிரேட்டஸ்ட் ஷோமேன்' மேடைக்கு வருகிறது. 2017 கடைசியில் வந்த ஹ்யூ ஜாக்மன் படம், பி. டி. பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ் முதலாளியின் கதை. டிஸ்னியின் நாடகப் பிரிவு அதை மியூசிகலாக, அதாவது பாட்டும் ஆட்டமுமான மேடை நாடகமாக, ஆக்குகிறது என்று 2024-லேயே சொல்லிவிட்டார்கள். முதன்முதலாக அரங்கேறுவது லண்டனிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை, 2026 வசந்தத்தில் பிரிஸ்டல் ஹிப்போட்ரோம் அரங்கத்தில். நான் இருப்பது ஸ்விண்டன், ரயிலேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பிரிஸ்டல். இத்தனை வருஷமாக நாடகம் பார்க்க லண்டனுக்கு ஓடி, கடைசி ரயிலைப் பிடிக்கத் திரைவிழும் முன்பே கோட்டைத் தேடுகிற எனக்கு, வாசலுக்கே வந்து கூப்பிட்ட மாதிரி.

என் மகளுக்குப் பதினோரு வயது. பேச்சு வந்த நாளிலிருந்து காரில் இந்தப் படத்தின் பாட்டுதான். பிரிட்டனில் குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும், 2018-க்கு அப்புறம் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் 'எ மில்லியன் ட்ரீம்ஸ்' பாடாமல் முடியாது. இந்த ஆல்பம் பிரிட்டனில் மொத்தம் 28 வாரம் முதலிடத்தில் இருந்தது. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் காற்று வாங்கிய படம் அது, விமர்சகர்கள் பலர் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவர் போய், கடைசியில் உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல் வசூல். தியேட்டர்களில் கூடவே பாடிக்கொண்டு பார்ப்பதற்கென்றே தனிக் காட்சிகள் போட்டார்கள். அப்படி ஒரு காட்சிக்குப் போய், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ஹ்யூ ஜாக்மனை விடச் சத்தமாகப் பாடியதை நான் மறக்க மாட்டேன்.

டிக்கெட் வாங்கிய அன்று ராத்திரி மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அம்மா, பாட்டை மாத்தினாங்கன்னா நான் எழுந்து வந்துடுவேன்."

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஆனால் அது பாட்டைப் பற்றியது இல்லை.

நாடகப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பெயர் 'இடைவேளை ஐஸ்கிரீம்', ஏனென்றால் இங்கே தியேட்டரில் இடைவேளைக்கு விற்கிற அந்தச் சின்ன டப்பா ஐஸ்கிரீமும் மூடிக்குள் ஒளிந்திருக்கும் கரண்டியும் எங்கள் எல்லோருக்கும் பொதுவான பலவீனம். இந்த மியூசிகல் அறிவிப்பு வந்ததிலிருந்து அங்கே தினம் சண்டைதான். யாருக்கு என்ன எதிர்பார்ப்பு என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் இரண்டு விஷயம் சொல்கிறார்கள்: படத்தில் இருந்தது அப்படியே வேண்டும், படத்தில் இல்லாதது ஏதாவது வேண்டும். சினிமாவை மேடையாக்கும் எந்தக் கம்பெனிக்கும் இதுதான் தலைவலி. நம் ஊரில் ஒரு காலத்தில் நாடகம் ஓடினால் அதைச் சினிமா எடுத்தார்கள், 'எதிர்நீச்சல்', 'வியட்நாம் வீடு' எல்லாம் அப்படி வந்தவைதான். இங்கே இப்போது வண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது. சினிமா ஓடினால் பத்து வருஷத்துக்குள் அது மேடைக்கு வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இதற்கு முன்னால் வந்தவற்றில் என்ன நடந்தது என்று பார்த்தால் சில விஷயம் புரியும். 'பேக் டு தி ஃப்யூச்சர்' லண்டன் அடெல்ஃபி அரங்கத்தில் ஓடும்போது போனேன், சுற்றி இருந்த அத்தனை பேரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒன்றே ஒன்றுதான், கார் பறக்குமா. பறந்தது. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள், நடுவில் வந்த புதுப் பாட்டு ஒன்றுகூட எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை. 'ஃப்ரோசன்' லண்டன் ட்ரூரி லேன் அரங்கத்தில் ஓடியபோது 'லெட் இட் கோ'வில் எல்சாவின் உடை ஒரு நொடியில் மாறும், அதோடு இடைவேளை. சரி, மாயம்தான், ஆனால் அந்த நொடிக்காகத்தான் முதல் பாதி முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறோமோ என்று தோன்றியது. 'லயன் கிங்' மட்டும் வேறு ஜாதி. அதில் இயக்குநர் ஜூலி டேமோர், படத்தில் வந்த சிங்கத்தைக் கொண்டுவர முயலவே இல்லை. மனிதன் தலைமேல் முகமூடி, ஒட்டகச்சிவிங்கிக்குள் கட்டைக்காலில் நடக்கிற ஆள், எல்லாம் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதல் பாட்டிலேயே கண்ணீர் வந்துவிடும். 1999-லிருந்து லண்டன் லைசியம் அரங்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் சும்மாவா.

ஷோமேன் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் படம் முதலிலிருந்தே ஒரு மேடை நாடகம் மாதிரிதான் இருந்தது, தவறுதலாகக் கேமரா முன்னால் போய் நின்றுவிட்டது. பாட்டு எழுதிய பாசெக்கும் பாலும் மேடைக்காரர்கள், 'டியர் இவான் ஹான்சன்' அவர்களுடையதுதான். மேடைக்கான புதுப் பாட்டுகளையும் அவர்களே எழுதுகிறார்கள். வசனம் டிம் ஃபெடர்லி, இயக்கமும் நடனமும் கேசி நிக்கலா, 'அலாதீன்' செய்தவர். ஆட்டத்தில் குறை இருக்காது, ஒரு கூட்டத்தை மேடையில் ஓட வைத்துக் கைதட்டல் வாங்குவது அவருக்குக் கைவந்த கலை. எனக்குப் பயம் வசனத்தில்தான்.

இந்தப் பாட்டுகள் மேடையில் நிற்குமா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால் யூடியூபில் அந்த ஒத்திகை வீடியோக்களைப் பாருங்கள். படத்துக்குக் கம்பெனி பணம் தருமா தராதா என்று முடிவாகாத நேரம், முதலாளிகள் முன்னால் ஒரு வாசிப்பு வைக்கிறார்கள். ஜாக்மனுக்கு முந்தின நாள் மூக்கில் அறுவைச் சிகிச்சை, தையல் போட்டிருக்கிறது, பாடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் நடிக்க, அவருக்குப் பதில் பாட ஜெரமி ஜோர்டனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். கடைசிப் பாட்டு 'ஃப்ரம் நவ் ஆன்' வந்தபோது மனுஷனால் பொறுக்க முடியவில்லை, தையலோடு எழுந்து பாடிவிட்டார்.

அதைவிட எனக்கு முக்கியம் இன்னொரு வீடியோ. பார்னமின் சர்க்கஸில் தாடிக்காரப் பெண்ணாக நடித்த கியாலா செட்டில் 'திஸ் இஸ் மீ' பாடுகிற வீடியோ. அவருக்கு நடுவில் வந்து நிற்கப் பயம், நோட்டு வைக்கிற ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி நிற்கிறார். பாட்டு ஏற ஏற ஸ்டாண்டை விட்டு வெளியே வருகிறார். ஒரு கட்டத்தில் எதிரே இருந்த ஜாக்மனின் கையைப் பிடிக்கிறார், அவர் முகத்தில் நடிப்பே இல்லை. விளக்கு கிடையாது, உடை கிடையாது, தாடிகூடக் கிடையாது, சாதாரண ஒரு அறை, சட்டை போட்ட ஆட்கள். நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். படத்தில் அந்தப் பாட்டுக்கு இருந்த பனி, தெரு, கூட்டம் எல்லாவற்றையும் விட அந்த ஸ்டாண்டைத் தாண்டி வருகிற இரண்டு அடிதான் பெரிசு. மேடையில் எனக்கு அது கிடைத்தால் போதும் என்று குழுவில் எழுதினேன். ஏழு பேரும் இதயம் போட்டார்கள். அதோடு ஒற்றுமை முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். படம் 105 நிமிஷம், ஒன்பது பாட்டு. ஆல்பத்தில் பதினொன்று என்று இருக்கும், அதில் இரண்டு திரும்பப் பாடுவது. மேடை மியூசிகல் என்றால் இடைவேளையோடு சேர்த்து இரண்டரை மணி நேரம். மிச்ச நேரத்தில் என்ன வைப்பது? குழுவில் ஒருத்திக்கு, கயிற்றில் பறக்கிற பெண்ணாக ஜென்டாயா நடித்த பாத்திரத்துக்கும் அவள் அண்ணனுக்கும் தனிக் கதை வேண்டும். இன்னொருவருக்கு பார்னமின் மனைவி சாரிட்டிக்கு நல்லதாக ஒரு பாட்டு வேண்டும், பாவம் படத்தில் 'டைட்ரோப்' பாட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதி நேரமெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போட விட்டுவிட்டார்கள் என்று. இரண்டுமே நியாயம்தான்.

எனக்கு வேண்டியது ஒரு கதவு.

படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்வீடனிலிருந்து வந்த பாடகி ஜென்னி லிண்டின் கச்சேரி முடிந்து பெரிய மனிதர்களுக்கு விருந்து. பார்னமின் சர்க்கஸ் ஆட்கள், அதாவது தாடிக்காரப் பெண், குள்ள மனிதர், உடம்பெல்லாம் பச்சை குத்தியவர், இவர்களெல்லாம் நம் முதலாளியின் வெற்றி ஆயிற்றே என்று சந்தோஷமாக உள்ளே வரப் பார்க்கிறார்கள். பார்னம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே ஏதோ சமாளித்து, அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார். தள்ளிவிடவில்லை, திட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கோப்பைகளின் சத்தம். இந்தப் பக்கம் இவர்கள். அங்கேதான் 'திஸ் இஸ் மீ' ஆரம்பிக்கிறது.

பாட்டு முடிந்ததும் நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம், படம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. கதவைச் சாத்தியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிற்பாடு தீப்பிடித்து எல்லாம் போய், மனுஷன் பாரில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும்போது இதே ஆட்கள் தேடி வருகிறார்கள். வந்து என்ன செய்கிறார்கள்? எங்களுக்கு ஒரு குடும்பம் கொடுத்தீர்களே என்று நன்றி சொல்கிறார்கள்! கதவைச் சாத்தியவன் மன்னிப்புக் கேட்கவில்லை, வெளியே நின்றவர்கள் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது பாட்டு மயக்கத்தில் தெரியவில்லை. மகளோடு ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ பார்க்கும்போது அவள்தான் கேட்டாள், "அவர் ஸாரி சொன்னாரா அம்மா?" ரீவைண்ட் செய்து பார்த்தேன். இல்லை.

எனவே என் எதிர்பார்ப்பு இது: இடைவேளை 'திஸ் இஸ் மீ'யில் வர வேண்டும். இதில் புதுசாக ஒன்றும் இல்லை, 'விக்கட்'டில் 'டிஃபையிங் கிராவிட்டி', 'லே மிசராப்'பில் 'ஒன் டே மோர்' என்று முதல் பாதியைப் பெரிய பாட்டில் முடிப்பது வழக்கம்தான். ஆனால் இரண்டாம் பாதி அந்தக் கதவுக்கு உள்பக்கமிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாட்டு வெளியே கேட்கிறது, உள்ளே பார்னம் கோப்பையோடு நிற்கிறார், கேட்காத மாதிரி பாவனை. இருபது நிமிஷம் ஐஸ்கிரீம் தின்று, ஆஹா என்ன பாட்டு என்று பேசிவிட்டு வந்து உட்கார்கிற நம்மை, அவர் பக்கத்தில் நிற்க வைத்தால் எப்படி இருக்கும்? பாசெக்கும் பாலும் புதுசாக ஒரு பாட்டு எழுதுவதென்றால் அந்த இடத்துக்கு எழுதட்டும். அழகான பாட்டாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இதை எழுதியதும் குழுவில் லண்டன் ஹாரோவில் இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், எல்லாவற்றிலும் நிதானமான ஆள், குரல் செய்தி அனுப்பினார். "பிள்ளை, அது படம். குழந்தையளுக்கு எடுத்த படம். அதிலை போய் சரித்திரம் கேக்கிறீரோ?"

நான் சரித்திரம் கேட்கவில்லை என்று பதில் போட்டேன். பொய். கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறேன்.

உண்மையான பி. டி. பார்னமின் முதல் 'காட்சி' என்ன தெரியுமா? 1835-ல் ஜாய்ஸ் ஹெத் என்று ஒரு வயதான கறுப்பின அடிமைப் பெண். கண் தெரியாது, உடம்பு ஏறக்குறைய அசையாது. அவருக்கு 161 வயது, ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையாக வளர்த்த ஆயா இவர்தான் என்று விளம்பரம் செய்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக் காசு பார்த்தார். அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். அதோடு விட்டாரா, உடலை அறுத்து வயதைக் கண்டுபிடிப்பதையும் பொதுமக்கள் முன்னால் வைத்து ஆளுக்கு 50 சென்ட் டிக்கெட் போட்டார். 80 வயதுக்கு மேல் இருக்காது என்று அறுத்த டாக்டர் சொன்னார். படத்தில் இந்தப் பெண்மணி பெயரே கிடையாது.

மேடைக்குப் பார்னம் வருவதும் இது முதல் தடவை இல்லை. 1980-லேயே சை கோல்மன் இசையில் 'பார்னம்' என்று ஒரு மியூசிகல் நியூயார்க்கின் பிராட்வேயில் வந்தது, அடுத்த வருஷம் லண்டன் பலேடியத்தில் மைக்கேல் கிராஃபோர்ட் கம்பியில் நடந்து அசத்தினார். அதில் ஜாய்ஸ் ஹெத் உண்டு. ஆனால் என்ன செய்தார்கள் என்றால், வயதாகிவிட்டதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லி அவர் ஒரு ஜாலியான பாட்டுப் பாடுவார்! முழுக்க மறைத்தது மோசமா, இல்லை இப்படிக் காட்டியது மோசமா என்று என்னால் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

அதே பார்னம்தான் 1865-ல் கனெக்டிகட் சட்டசபையில் அடிமை முறையை ஒழிக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக நின்றார். இருபத்தைந்து வயதில் அப்படி, ஐம்பத்தைந்தில் இப்படி. இடையில் அந்த ஆளுக்குள் என்ன நடந்தது? எனக்கு இதுதான் நாடகம். டிஸ்னி இதையெல்லாம் மேடை ஏற்றும் என்று நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. அதனால்தான் ஒரு கதவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, பாட்டுக்கு வருவோம். 'நெவர் இனஃப்'. படத்தில் திரையில் நின்றது ரெபெக்கா ஃபெர்குசன், குரல் லோரன் ஆல்ரெட். நமக்கு இது பெரிய விஷயமே இல்லை, பின்னணிக் குரல் இல்லாத சினிமாவை நாம் பார்த்ததே இல்லை. ஆனால் மேடையில் அந்த வசதி கிடையாது. வாரத்துக்கு எட்டுக் காட்சி, ஜலதோஷமோ தூக்கமின்மையோ, அந்தக் கடைசி உச்சத்தை நின்று பாடியாக வேண்டும். கதைப்படி 'ஸ்வீடனின் குயில்' என்று ஊரே கொண்டாடுகிற குரல் என்பதால், சுமாராகப் பாடினால் கதையே விழுந்துவிடும். நான் ரகசியமாக ஆசைப்படுவது நாங்கள் போகிற அன்றைக்கு மாற்று நடிகை யாராவது பாட வேண்டும் என்று. லண்டனின் நாடகப் பேட்டையான வெஸ்ட் எண்டில் நான் பார்த்த நல்ல இரவுகளில் பாதி, இன்றைக்கு நடிப்பவர் வேறு என்று நிகழ்ச்சித் தாளுக்குள் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்த இரவுகள்தான். பத்து நிமிஷம் முன்னால் சொல்லி மேடை ஏற்றியிருப்பார்கள், கூட நடிக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஒருத்திக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கவனம் வைத்து நடிப்பார்கள்.

'ரீரைட் தி ஸ்டார்ஸ்' கயிற்றில் தொங்கிக்கொண்டு பாட வேண்டிய பாட்டு. படத்தில் குரலைத் தனியாகப் பதிவு செய்துகொண்டார்கள். மேடையில் பறந்துகொண்டே பாடினால் மூச்சு வாங்கும், மைக்கில் அது கேட்கும். கேட்கட்டும் என்பது என் கட்சி. பறப்பதை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும், பாடுகிறவர்கள் தரையில் நிற்கட்டும் என்பது குழுவில் பாதிப் பேரின் கட்சி. யாருக்கும் சண்டையில்லாத பாட்டு 'தி அதர் சைட்' மட்டும்தான், பாரில் பார்னமும் அவருக்குக் கூட்டாளியாகப் போகிற கார்லைலும் பேரம் பேச, நடுவில் ஒரு பார்காரர் கோப்பைகளைத் தாளத்துக்குத் தட்டித் தட்டி நகர்த்துவாரே. மேடையில் தினமும் ஒரு கோப்பையாவது கை நழுவும். அன்றைக்கு அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

படத்தில் வருகிற யானை மேடையில் எப்படி வரப்போகிறது என்று மகளுக்குத் தனிக் கவலை. லண்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஜம்போ என்ற யானையை பார்னம் 1882-ல் விலைக்கு வாங்கிக்கொண்டு போனபோது பிரிட்டன் முழுக்கக் குழந்தைகள் விற்காதீர்கள் என்று கடிதம் எழுதினார்களாம். அதைச் சொன்னதிலிருந்து அவளுக்குப் பார்னம்மேல் கோபம். ஜாய்ஸ் ஹெத் கதையை இன்னும் சொல்லவில்லை.

பழகிய பாட்டு வேறு உடையில் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு முன்பே ஒரு அனுபவம் உண்டு. 2003-ல் படிக்க வந்த புதிதில், கையில் காசே இல்லாத காலத்தில், மதுரைக்காரத் தோழி ஒருத்தியோடு அப்பல்லோ விக்டோரியாவில் 'பாம்பே ட்ரீம்ஸ்' பார்த்தேன். நம் ரஹ்மான் இசை என்பதால் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து டிக்கெட். அது படத்திலிருந்து வந்த கதை இல்லை, ஆனால் பாட்டில் சில படங்களிலிருந்து வந்தவை. மேடையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க 'ஷக்கலக்க பேபி' ஆரம்பித்தது. சுற்றி இருந்தவர்களுக்கு அது புத்தம் புதுப் பாட்டு. எங்களுக்கு அது 'முதல்வன்'. முதல் அரை நிமிஷம் எரிச்சலாக இருந்தது, ஐயோ என்ன பண்ணிவிட்டார்கள் நம் பாட்டை என்று. அப்புறம் திரும்பிப் பார்த்தால் தோழி இங்கிலீஷ் வரிகளுக்கு மேல் தமிழ் வரிகளை வாய்க்குள் பாடிக்கொண்டிருக்கிறாள், நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மையார் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்றைக்கு அதே அரங்கத்தில் வருஷக்கணக்காக 'விக்கட்' ஓடுகிறது, போகும்போதெல்லாம் எங்கள் அந்தச் சீட் எது என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

அதனால்தான் மகளிடம் பாட்டை மாற்றினால் கோபித்துக்கொள்ளாதே என்கிறேன். அவள் கேட்பதாக இல்லை. கூடப் பாடுவதைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. 2023-ல் மான்செஸ்டரில் 'தி பாடிகார்ட்' மியூசிகலின் கடைசிப் பாட்டில் சிலர் நடிகையை மீறிக் கத்திப் பாடி, நாடகத்தையே நிறுத்தி, போலீஸ் வரைக்கும் போனது. ஷோமேனுக்கு வருகிற கூட்டமோ எட்டு வருஷமாகக் கூடப் பாடியே பழகிய கூட்டம். முதல் பாட்டின் கால் தட்டும் தாளம் கேட்டதும் எத்தனை பேர் அடக்கிக்கொண்டு உட்காருவார்கள்? ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்: வாய் அசைக்கலாம், சத்தம் வரக்கூடாது, கடைசியில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது இஷ்டம் போல் பாடலாம். இந்த ஒப்பந்தத்தை முதலில் மீறப்போவது நான்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் வரவில்லை. தியேட்டரில் விளக்கு அணைந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும், மூன்று டிக்கெட் வீணாக்கிய பிறகு ஒத்துக்கொண்ட உண்மை இது.

லண்டன் வரட்டுமே, எல்லாம் சரிசெய்து நன்றாக ஆன பிறகு பார்க்கலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு அது சரிப்படாது. சரிசெய்வதற்கு முன்னால் பார்ப்பதில்தான் ருசி. 'மேரி பாப்பின்ஸ்' இப்படித்தான் 2004 செப்டம்பரில் இதே பிரிஸ்டல் ஹிப்போட்ரோமில் ஆரம்பித்து, டிசம்பரில் லண்டன் போனது. ஆரம்ப வாரங்களில் காட்சியை வெட்டுவார்கள், பாட்டை இடம் மாற்றுவார்கள், நேற்று வந்தவர் பார்த்ததும் நாளை வருபவர் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. எங்கே சிரித்தோம், எங்கே இருமினோம் என்று பின்னால் யாரோ ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார். சர்க்கஸ் கதைக்கு அந்த அரங்கமும் பொருத்தம்தான். 1912-ல் ஃபிராங்க் மாட்ச்சம் கட்டியது, மேடைக்கு முன்னால் பெரிய தண்ணீர்த் தொட்டியே வைத்திருந்தார்களாம், கூரையின் நடுவில் திறந்து மூடுகிற குவிமாடம் வேறு. மேல் பால்கனியில் உட்காரப்போகிற எங்களுக்கு அந்தக் குவிமாடமாவது பக்கத்தில் தெரியும்.

நேற்று ராத்திரி குழுவில் என் சீட் எண்ணைப் போட்டேன். பிரிஸ்டலில் அடிக்கடி நாடகம் பார்க்கிற ஒருத்தி உடனே பதில் எழுதினாள், அந்த வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், குனிந்தால் கொஞ்சம் தெரியும், ஆனால் இடது ஓரத்தில் நடக்கிற எதுவும் தெரியாது என்று. மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ கதவை இடது பக்கம் வச்சாங்கன்னா?"

உட்கார்ந்து தளத்தைத் திறந்து பார்த்தேன். நடு வரிசையில் இன்னும் இரண்டு சீட் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். காலையில் மறுபடி திறந்தேன்.